முதல் மாத வருமானம் 4 டாலர்.. 32 வயதில் நோபல் பரிசு! இன்சுலின் தந்த பான்டிங் யார்? குடல் நரம்புகள் சொல்லும் மிச்சக் கதை என்ன?

நவம்பர் 14 என்றதும் நம் நினைவுக்கு வருவது குழந்தைகள் தினம்தான். ஆனால் உலக அளவில் அந்த நாளுக்கு இன்னொரு பெயர் உண்டு. உலக நீரிழிவு தினம்! 1991-ல் சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து இதைத் தொடங்கின. ஏன் அந்தத் தேதி? அது ஒரு மருத்துவரின் பிறந்தநாள். அவர் பெயர் பிரெடெரிக் பான்டிங்.

இன்சுலினைக் கண்டுபிடித்தவர் என்று பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் படித்துவிட்டுப் போயிருப்போம். அந்த வரிக்குப் பின்னால் தோல்வி, காதல் முறிவு, அடிதடி வரை போன சண்டை எல்லாம் இருக்கு. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றும் இருக்கு. இன்சுலின் வந்து உயிர் பிழைத்தவர்களின் உடம்புக்குள், குறிப்பாக வயிற்றுக்குள், அதற்குப் பிறகு என்ன நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த பான்டிங்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள அலிஸ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் 1891 நவம்பர் 14-ல் பிறந்தார் பான்டிங். வீட்டில் 5 பிள்ளைகள். இவர்தான் கடைக்குட்டி.

படிப்பில் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. டொராண்டோவில் கலைப் பிரிவில் சேர்ந்து முதல் ஆண்டிலேயே தோற்றார். பிறகு 1912-ல் மருத்துவப் படிப்புக்கு மாறினார். அப்போது முதல் உலகப் போர் தொடங்க, ராணுவத்துக்கு டாக்டர்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். படிப்பைச் சுருக்கி, 1916 டிசம்பரிலேயே இவர் வகுப்பை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

1918-ல் பிரான்சின் காம்ப்ரே போர்முனையில் குண்டுச் சிதறல் பாய்ந்து அவர் வலது கை காயமடைந்தது. அந்தக் காயத்தோடும் பல மணி நேரம் மற்ற வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தார். அதற்காக அவருக்கு 'மிலிட்டரி கிராஸ்' விருது கிடைத்தது.

ஊர் திரும்பியதும் 1920 ஜூலையில் ஒன்டாரியோவின் லண்டன் நகரில் சொந்தமாக கிளினிக் திறந்தார். நாள் கணக்கில் ஒரு நோயாளிகூட எட்டிப் பார்க்கவில்லை. அந்த மாதம் அவர் சம்பாதித்தது மொத்தம் 4 டாலர். செலவைச் சமாளிக்க உள்ளூர் மருத்துவக் கல்லூரியில் பகுதி நேர வேலைக்குப் போனார். அந்த வேலைதான் அவர் வாழ்க்கையையே மாற்றியது.

நள்ளிரவு 2 மணிக்கு வந்த யோசனை

1920 அக்டோபர் 30. மறுநாளுக்கு மறுநாள் மாணவர்களுக்கு கணையத்தைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டும். அதற்காக ஒரு மருத்துவ இதழைப் புரட்டிக்கொண்டிருந்தார். கணையத்தின் குழாய் அடைபட்டால், செரிமான நீர் சுரக்கும் செல்கள் வாடிவிடுகின்றன. ஆனால் கணையத்துக்குள் தீவுத் தீவாக இருக்கும் செல்கள் அப்படியே இருக்கின்றன என்று அதில் ஒரு கட்டுரை சொன்னது.

இந்தத் 'தீவுகளை' 1869-ல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மனி மாணவர் முதன்முதலில் பார்த்து எழுதியிருந்தார். லத்தீன் மொழியில் தீவுக்கு 'இன்சுலா' என்று பெயர். இன்சுலின் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். இந்தத் தீவுகளில் ஏதோ ஒன்று சுரந்து சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறது என்று பலரும் சந்தேகித்தார்கள். ஆனால் அதைப் பிரித்தெடுக்க முயன்றவர்களுக்குச் சரியான பலன் கிடைக்கவில்லை. கணையத்தின் செரிமான நீரே அந்தப் பொருளை அழித்துவிடுகிறது என்பது அன்றைய கணிப்பு.

பான்டிங்குக்குத் தூக்கம் வரவில்லை. இரவு சுமார் 2 மணிக்கு எழுந்து நோட்டுப் புத்தகத்தில் சில வரிகளைக் கிறுக்கினார். நாய்களின் கணையக் குழாயைக் கட்டிவிட வேண்டும். செரிமான செல்கள் வாடும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு மிச்சமிருக்கும் தீவுகளிலிருந்து அந்தச் சுரப்பை எடுக்க வேண்டும். இதுதான் திட்டம். சுவாரஸ்யம் என்னன்னா, அந்தக் குறிப்பில் 'டயாபடீஸ்' என்ற வார்த்தையையே அவர் எழுத்துப்பிழையோடுதான் எழுதியிருந்தார்!

ஆய்வகத்தில் ஒரு கோடைக்காலம்

திட்டத்தோடு டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே.ஜே.ஆர். மெக்லியோடைப் போய்ப் பார்த்தார். ஆராய்ச்சி அனுபவமே இல்லாத ஓர் இளம் டாக்டர் வந்து நிற்கிறார். மெக்லியோடுக்குப் பெரிய நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் ஓர் ஆய்வகம், 10 நாய்கள், உதவிக்கு ஒரு மாணவர் என்று ஏற்பாடு செய்தார். உதவிக்கு யார் முதலில் வருவது என்று 2 மாணவர்களுக்குள் நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். அதில் வந்தவர்தான் சார்லஸ் பெஸ்ட்.

1921 மே மாதம் வேலை தொடங்கியது. மெக்லியோட் விடுமுறைக்கு ஸ்காட்லாந்து போய்விட்டார். கடும் வெயில், சம்பளம் இல்லை, நாய்கள் ஒவ்வொன்றாக இறந்துகொண்டிருந்தன. காதலித்து நிச்சயம் செய்த பெண்ணுடனான உறவும் அந்தக் காலகட்டத்தில் முறிந்தது.

ஜூலை 30-ம் தேதி, கணையம் நீக்கப்பட்ட ஒரு நாய்க்குத் தங்கள் சாற்றைச் செலுத்தினார்கள். ரத்தச் சர்க்கரை இறங்கியது! பிறகு வந்த மார்ஜரி என்ற நாய், கணையமே இல்லாமல் சுமார் 70 நாட்கள் உயிரோடு இருந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியல் நிபுணர் குழுவில் சேர்ந்தார். இதே காலத்தில் ருமேனியாவின் நிகோலே பவுலெஸ்குவும் இதேபோன்ற முடிவுகளை வெளியிட்டிருந்தார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

14 வயது சிறுவனுக்கு முதல் ஊசி

அப்போதெல்லாம் ஒரு குழந்தைக்கு சர்க்கரை நோய் வந்தால், பெற்றோர் நாட்களை எண்ண வேண்டியதுதான். அன்று டாக்டர்களிடம் இருந்த ஒரே வழி பட்டினி. உணவைக் குறைத்துக் குறைத்து, எலும்பும் தோலுமாக ஆக்கி, மரணத்தைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவார்கள். அவ்வளவுதான்.

லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயது சிறுவன் அந்த நிலையில்தான் டொராண்டோ பொது மருத்துவமனையில் கிடந்தான். எடை சுமார் 29 கிலோ. 1922 ஜனவரி 11-ல் அவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. சர்க்கரை 440-லிருந்து 320-க்கு மட்டுமே இறங்கியது. மருந்தில் கசடு இருந்ததால் ஊசி போட்ட இடம் வீங்கிக்கொண்டது. ஊசியை நிறுத்திவிட்டார்கள்.

காலிப் இரவு பகலாக உட்கார்ந்து அந்தச் சாற்றைச் சுத்தப்படுத்தினார். ஜனவரி 23-ல் மறுபடி ஊசி. இந்த முறை 520-ல் இருந்த சர்க்கரை ஒரே நாளில் 120-க்கு வந்தது. சாவுக்குக் காத்திருந்த பையன் எழுந்து உட்கார்ந்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி பான்டிங்கிடம் வந்தார். அமெரிக்க வெளியுறவுத்துறை அமைச்சரின் மகள். 3 ஆண்டுகள் பட்டினிச் சிகிச்சையில் கிடந்து, எடை சுமார் 20 கிலோவாகக் குறைந்திருந்தார். இன்சுலின் போட ஆரம்பித்ததும் தேறினார். படித்தார், கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைகள் பெற்றார். 1981-ல் 73 வயதில் மறைந்தார். அதுவரை அவர் போட்டுக்கொண்ட ஊசிகள் 40 ஆயிரத்துக்கும் மேல்!

நோபல் பரிசும் சண்டையும்

சாதனை ஒரு பக்கம் இருக்க, குழுவுக்குள் யாருக்கும் யாரையும் பிடிக்கவில்லை. மருந்தைச் சுத்தப்படுத்தும் முறையைச் சொல்ல மறுத்த காலிப்பை பான்டிங் சட்டையைப் பிடித்து உலுக்கும் அளவுக்குப் போனது சண்டை. மெக்லியோட் தன் உழைப்பைத் தனதாக்கிக்கொள்கிறார் என்ற கோபமும் பான்டிங்குக்குக் கடைசிவரை தீரவில்லை.

1923-ல் பான்டிங்குக்கும் மெக்லியோடுக்கும் மருத்துவ நோபல் அறிவிக்கப்பட்டது. பெஸ்ட் பெயர் இல்லையே என்று பான்டிங் கொதித்தார். தன் பரிசுத் தொகையில் பாதியை பெஸ்ட்டுக்குக் கொடுத்தார். மெக்லியோடும் தன் பங்கில் பாதியை காலிப்புக்குக் கொடுத்தார். அப்போது பான்டிங்குக்கு வயது 32. மருத்துவத்துக்கான நோபலை இன்றுவரை அவரைவிடச் சிறிய வயதில் யாரும் வாங்கியதில்லை.

பணம் பண்ணவும் வாய்ப்பு இருந்தது. ஆனால் பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலா 1 டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். சாகக் கிடக்கும் குழந்தைகளுக்கான மருந்து யாருடைய தனிச் சொத்தாகவும் ஆகிவிடக் கூடாது என்பதுதான் அவர்கள் எண்ணம்.

தன் மருந்தைப் பற்றி பான்டிங் என்ன நினைத்தார்?

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. இன்சுலின் நோயைக் குணமாக்கிவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் 1925-ல் நிகழ்த்திய நோபல் உரையில் பான்டிங் தெளிவாகவே பேசினார். இன்சுலின் நீரிழிவைக் குணப்படுத்தாது. அது ஒரு சிகிச்சை மட்டுமே என்பதுதான் அவர் நிலைப்பாடு.

அதன் பிறகு அவர் புற்றுநோய், நுரையீரலைப் பாதிக்கும் சிலிகோசிஸ் என்று வேறு ஆராய்ச்சிகளுக்குப் போனார். ஓவியமும் வரைந்தார். ஆர்க்டிக் பகுதிவரை பயணம் போய்ப் படம் வரைந்து வந்திருக்கிறார். 1934-ல் 'சர்' பட்டம் கிடைத்தது. ஆனால் இன்சுலின் போல இன்னொரு வெற்றி அவருக்கு அமையவில்லை.

1941 பிப்ரவரியில், இரண்டாம் உலகப் போர் வேலையாக இங்கிலாந்து கிளம்பியவரின் விமானம் நியூஃபவுண்ட்லாந்தில் விழுந்து நொறுங்கியது. விமானி மட்டும் பிழைத்தார். காயமடைந்த பான்டிங் மறுநாள் உயிரிழந்தார். வயது 49.

அவர் இறந்தபோது, முதல் ஊசி போட்டு 19 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இன்சுலினால் பிழைத்தவர்கள் அப்போதுதான் 10, 20 ஆண்டுகள் நோயோடு வாழத் தொடங்கியிருந்தார்கள். முன்பெல்லாம் சில ஆண்டுகளுக்குள் இறந்துவிடுவதால் தெரியாத பாதிப்புகள் இப்போது ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கண், சிறுநீரகம், கால் நரம்பு.. கூடவே, அவ்வளவாக யாரும் பேசாத ஒன்று. குடலின் நரம்புகள்.

வயிற்றுக்குள் ஒரு நரம்பு வலை

நாம் சாப்பிட்ட சாப்பாட்டைத் தொண்டையிலிருந்து கடைசிவரை தள்ளிக்கொண்டு போவது யார்? மூளை ஒவ்வொரு நொடியும் உத்தரவு போடுவதில்லை. உணவுக்குழாய், இரைப்பை, குடல் முழுக்கச் சுவருக்குள்ளேயே ஒரு நரம்பு வலை இருக்கிறது. அதில் 10 கோடிக்கும் மேல் நரம்பு செல்கள்! அதனால்தான் இதை 'இரண்டாவது மூளை' என்கிறார்கள். குடலின் இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் வலையை 1860-களில் லியோபோல்ட் அவர்பாக் என்ற ஜெர்மனி ஆய்வாளர் விவரித்தார். இன்றும் அது அவர் பெயரில்தான் அழைக்கப்படுகிறது.

குடல் நகர்வது எப்படின்னா, சாப்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் பகுதி சுருங்க வேண்டும். முன்னால் இருக்கும் பகுதி தளர வேண்டும். சுருங்கச் சொல்ல ஒரு வகை நரம்பு செல், தளரச் சொல்ல இன்னொரு வகை. இந்தத் தளர்த்தும் செல்களில் பல, நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உருவாக்கித்தான் தகவல் அனுப்புகின்றன.

நீரிழிவில் முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் இந்தத் தளர்த்தும் செல்கள்தான் என்று விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை தொடர்ந்து அதிகமாக இருந்தால், செல்லுக்குள் கேடு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும். சர்க்கரை புரதங்களோடு ஒட்டிக்கொண்டு உருவாகும் கழிவுகளும் சேரும். நரம்பு செல் மெல்ல நலியும். குடலின் தாளத்தை அமைத்துக் கொடுக்கும் 'காஹால்' செல்களும் குறையும்.

விளைவு? இரைப்பையின் கீழ்வாசல் சரியாகத் திறக்காது. சாப்பாடு அங்கேயே தேங்கும். கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த உணர்வு, குமட்டல், வாந்தி, வயிறு உப்புசம் வரலாம். சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரவு நேரத்தில் வயிற்றுப்போக்கு. இரைப்பை இப்படி மந்தமாவதை 'காஸ்ட்ரோபரேசிஸ்' என்கிறார்கள். நீரிழிவோடு சேர்த்து இந்தப் பெயரை பால் கசாண்டர் என்ற டாக்டர் வைத்தது 1958-ல். அதாவது பான்டிங் இறந்து 17 ஆண்டுகள் கழித்து.

இதில் இன்சுலின் போடுபவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கு. சாப்பிடுவதற்கு முன் ஊசி போடுகிறார்கள். ஆனால் சாப்பாடு இரைப்பையிலேயே நிற்கிறது. மருந்து வேலை செய்யும் நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை வரவில்லை. அதனால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். மருந்தின் வேகம் குறைந்த பிறகு சாப்பாடு இறங்கி, சர்க்கரை எகிறும். சர்க்கரை எகிறினால் இரைப்பை இன்னும் மந்தமாகும். இப்படியே ஒரு சுழல்.

இன்சுலின் கொடுத்தால் நரம்பு திரும்புமா?

இந்தக் கேள்விக்கு ஆய்வாளர்கள் கண்ட பதிலில் முக்கியமான வார்த்தை 'எப்போது' என்பதுதான்.

2000-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் நீரிழிவு உள்ள சுண்டெலிகளைப் பார்த்தார்கள். இரைப்பையின் கீழ்வாசலில் இருந்த நரம்பு செல்கள் சாகவில்லை. ஆனால் நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் நொதியை அவை இழந்திருந்தன. இன்சுலின் கொடுத்ததும் அந்த நொதி திரும்ப வந்தது. இரைப்பையும் ஒழுங்காகக் காலியானது. செல் தூங்கித்தான் போயிருந்தது, இன்சுலின் அதை எழுப்பியது என்று சொல்லலாம்.

2003-ல் லண்டன் ஆய்வாளர்கள் எலிகளில் அடுத்த கட்டத்தைக் காட்டினார்கள். பாதிப்பு 2 கட்டங்களில் நடக்கிறது. சுமார் 8 வாரம்வரை இன்சுலின் கொடுத்தால் மீட்க முடிகிறது. 12 வாரங்களைத் தாண்டினால் செல்களே இறக்கத் தொடங்குகின்றன. அதன் பிறகு இன்சுலின் கொடுத்தாலும் இறந்த செல் திரும்புவதில்லை.

ஹங்கேரியின் செகெட் நகர ஆய்வாளர்கள், நோய் வந்த உடனேயே எலிகளுக்கு இன்சுலின் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் பெருங்குடலிலும் இந்த நரம்பு செல்கள் அழிவது தடுக்கப்பட்டது. அதே சமயம் குடலின் எல்லாப் பகுதிக்கும் பாதிப்பும் ஒரே அளவில் இல்லை, பாதுகாப்பும் ஒரே அளவில் இல்லை என்பதும் தெரியவந்தது.

இவை விலங்குகளில் கிடைத்த முடிவுகள். எலியின் வாரக் கணக்கை அப்படியே மனிதருக்குப் போட முடியாது. ஆனால் மனிதர்களிடம் நடந்த ஆய்வும் இதே திசையைத்தான் காட்டுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் டைப் 1 நீரிழிவு உள்ள 1,441 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு 1993-ல் வெளியானது. ஆரம்பத்திலிருந்தே சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்பாட்டில் வைத்தவர்களுக்கு நரம்பு பாதிப்பு வருவது சுமார் 60 சதவீதம் குறைந்திருந்தது.

நாம் கவனிக்க வேண்டியது என்ன?

நம்ம வீடுகளில் இன்சுலின் என்றாலே ஒரு பயம். ஊசிக்கு வந்துட்டாங்களா, அப்போ நோய் முத்திடுச்சு என்று பேசிக்கொள்வோம். டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும் மாதக் கணக்கில், ஏன் வருடக் கணக்கில்கூடத் தள்ளிப் போடுபவர்கள் உண்டு. அந்தக் காலம் முழுக்க உள்ளே இருக்கும் நரம்பு செல்களுக்குச் சர்க்கரையோடு போராட்டம்தான்.

* எல்லா நீரிழிவு நோயாளிக்கும் இன்சுலின் தேவைப்படாது. ஆனால் தேவை என்று டாக்டர் முடிவு செய்தால் பயந்து ஒத்திப்போட வேண்டாம்.

* சீக்கிரமே வயிறு நிறைவது, அடிக்கடி குமட்டல், சாப்பிட்ட உடனே சர்க்கரை தாழ்வது போன்றவை இருந்தால் கேஸ் பிரச்னை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள்.

* ஊசியின் அளவையும் நேரத்தையும் நீங்களாக மாற்ற வேண்டாம். இரைப்பை மந்தமாக இருந்தால் அதற்கேற்ப மாற்றித் தர டாக்டரால் முடியும்.

பான்டிங்கின் முதல் நோயாளி லியோனார்ட், ஊசியின் உதவியால் 26 வயதுவரை வாழ்ந்து 1935-ல் நிமோனியாவால் இறந்தார். எலிசபெத் 73 வயதுவரை வாழ்ந்தார். இருவரையும் இன்சுலின் குணமாக்கவில்லை. இருவருக்கும் அது காலத்தைக் கொடுத்தது. அந்த மருந்து இன்று நம் ஊர் மருந்துக் கடையின் ஃப்ரிட்ஜிலேயே இருக்கு. குடல் நரம்புகளைப் பொறுத்தவரை, அதைக் காலத்தோடு எடுத்துக்கொள்வதுதான் பாதி சிகிச்சை.